நெடி வராத மிளகாய்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள், அதை நான் யார் முன்னாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன், அதற்கு மேல் இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஒருத்தி எழுதுகிறாள். எனக்கு வேகமாகச் சொல்ல வராது, அவசரப்படாமல் கேளுங்கள்.

பேய், பிசாசு, திருஷ்டி, செய்வினை, இது எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைக்காரர், திருச்சி கைலாசபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ், எங்கள் கல்யாணமே ஐயர் இல்லாமல் மைக் வைத்து நடந்த கல்யாணம். அவர் போன பிறகு பெரியவன் வெற்றிச்செல்வனோடு ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மெண்ட் மாடியில் இருக்கிறேன். துணி காயப்போடும்போது கோபுரம் தெரியும், பார்த்துக்கொண்டே துணியை உதறுவேன், கும்பிட மாட்டேன். கீழ் வீட்டு மாமிக்கு அதில் தீராத வருத்தம். "இத்தனை சமீபத்துல பெருமாள் சயனிச்சிண்டிருக்கார், ஒரு நாள் வந்து சேவிக்கப்படாதா?" என்பாள். "தூங்குறவரை நான் எதுக்கு மாமி எழுப்பணும்" என்பேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் இளைய மகன் வெல்டர். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தான், ஆர்டர் வராமல் பட்டறையை மூடிவிட்டார்கள், பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு ஓசூருக்குப் பிழைக்கப் போனான். அவன் மகள் யாழினி மட்டும் இங்கேயே காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், எங்கள் குடும்பத்தில் இன்ஜினியரிங் படிக்கப்போன முதல் பெண். பரீட்சைக் கட்டணத்துக்கு அப்பனைக் கேட்க மனசு வராமல் செல்போனில் ஏதோ ஒரு கடன் ஆப்பில் வாங்கியிருக்கிறாள். ஆதார் அட்டையைக் காட்டினால் போதுமாம், டீ ஆறுவதற்குள் பணம் வந்துவிடுமாம். அதைக் கட்ட இன்னொரு ஆப், அதைக் கட்ட வேறொன்று. பிறகு மிரட்டல் ஆரம்பித்திருக்கிறது. அவள் முகத்தை யாருடைய உடம்பிலேயோ ஒட்டி, அவள் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் அனுப்பினார்கள், கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு, பாடம் நடத்துகிற வாத்தியாருக்கு.

பிள்ளை படுத்தவள் எழுந்திருக்கவில்லை, தலை சீவவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, ஹாஸ்டலில் சோம்பேறி என்று பேர் வாங்கினாள். எங்களிடம் போனில் "சாப்பிட்டேன் அப்பாயி, நல்லா இருக்கேன் அப்பாயி" என்றுதான் சொன்னாள். நான் அதைப் பெருமையாக மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உதவி கேட்டு அவளாகவேதான் போனாள், அதைச் சொல்லியாக வேண்டும். மனசு சரியில்லாத பிள்ளைகள் போய்ப் பேச அந்தக் காலேஜில் ஒரு கவுன்சிலர் மேடம் உண்டாம், லைப்ரரிக்குப் பின்னால் ஒரு ரூம். அந்த வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறாள், செருப்பைக் கழற்றணுமா வேணாமான்னு தெரியல அப்பாயி என்றாள், அந்த அளவுக்குக் குழம்பிப் போயிருந்தது பிள்ளை. கடைசியில் மேடமே கதவைத் திறந்து "செருப்போடயே வாம்மா" என்றாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்ல யாருகிட்ட சொன்னா கத்த மாட்டாங்க?" என்று கேட்டாராம். "அப்பாயி கத்துவாங்க மேடம், ஆனா என்னைப் பாத்துக் கத்த மாட்டாங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கே ஒரு தோழியைத் துணைக்குச் சேர்த்து மேடம் பஸ் ஏற்றிவிட்டார். காவிரிப் பாலம் வந்தபோது இவள் ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்து, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாளாம், அந்தத் தோழிதான் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாசலில் நின்று யாழினி சொன்ன முதல் வார்த்தை, "என்னைத் தனியா விடாதீங்க அப்பாயி."

விடவில்லை. மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மனநல டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "பாட்டி, புத்தி சொல்லாதீங்க, கூட இருங்க, அது போதும்" என்றாள். அங்கிருந்து வெற்றிச்செல்வன் நேரே போய் சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுத்தான். இனி ஒரு பைசா கட்டாதீங்க, போனை எடுக்காதீங்க, வர்றதை அழிக்காம வைங்க என்றார்கள். சாட்சிக்காக அந்தப் போன் வீட்டில் கிடந்தது, அடித்துக்கொண்டே கிடந்தது. கூப்பிடுகிறவன் பெரும்பாலும் ஒரே ஆள்தானாம். அடித்து ஓயும்வரைக்கும் யாழினி காதைப் பொத்திக்கொள்வாள். நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் பஸ் ஏறிப் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன், சத்தியமாகப் போயிருப்பேன். எந்த ஊர், என்ன பேர், ஒன்றும் தெரியாது.

இந்த மாதிரிச் சமாச்சாரமெல்லாம் ராத்திரியில்தான் நடக்கும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகல். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாம்பார்ப் பொடிக்கு வாங்கிய வற்றல் மிளகாய் மொட்டை மாடியில் காய்ந்து, முறத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது. யாழினி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், வந்த நாளிலிருந்து அவள் தொட்ட முதல் வேலை அது. போன் அடித்தது, அவள் கையில் கத்தி நின்றுவிட்டது. எடுக்காதே என்று போலீஸ் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பச்சையை அமுக்கினால் எடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டது யாழினி, கை பழக்கத்தில்.

"என்ன, இன்னும் இருக்கியா?" என்றது ஒரு ஆண் குரல்.

"யாருப்பா நீ?"

"ஓ, கிழவிய வச்சுப் பேசுறியா. பாட்டி, உன் பேத்தி போட்டோ பாத்தியா? ஊர் முழுக்க அனுப்பவா?"

"அனுப்பு. உன் ஆத்தாளுக்கும் ஒண்ணு அனுப்பு, புள்ள பாக்குற உத்தியோகம் அவளுக்கும் தெரியட்டும்."

அவன் சிரித்தான். பிறகு நிதானமாகச் சொன்னான், "உன் பேத்திக்கு மானம் இருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கணும்."

அவன் சொன்னதுகூடப் பெரிதில்லை. யாழினி தலையை மெல்ல ஆட்டினாள், சரிதான் என்கிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு எனக்கு என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை.

மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெடி கமறினால் ஒன்றுமில்லை, நெடி வராமல் கருகினால் திருஷ்டி பட்டிருக்கிறது என்பார்கள். என் மாமியார் செய்வார், "ஜன்னலத் தொறந்து வச்சா நெடி எப்படிம்மா வரும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார், நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்றைக்கு முறத்தில் கை விட்டு ஒரு பிடி அள்ளினேன், பார்த்துப் பழகிய கை அதுவாகவே அவள் தலையைச் சுற்றியது. இவளைப் போகச் சொன்ன வாய்க்கே போகட்டும் என்று சொல்லி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியில் போட்டேன். அந்த நேரத்தில் அடிக்க என் கைக்குக் கிடைத்தது அதுதான்.

மிளகாய் வெடித்தது, சிவப்பு போய்க் கறுப்பாயிற்று, சமையலறை முழுக்கப் புகை. நெடி இல்லை. தும்மல் இல்லை, கண் எரியவில்லை. வெறும் தண்ணீர் ஆவி மாதிரி இருந்தது.

போனில் அவன் ஏதோ ஆரம்பித்தான், பாதியில் இருமினான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான், மறுபடி இருமல். பிறகு பக்கத்தில் யாரையோ பார்த்துக் கத்தினான், "எவன்டா மிளகா கருக்குறது, ஜன்னலத் தொறங்கடா." இன்னொரு குரல் கேட்டது, "மிளகாயா? ஒண்ணும் இல்லையேண்ணே, ஏசி ரூமுண்ணே இது."

யாழினி என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன். உங்களுக்கு என்ன தோன்றியிருக்குமோ தெரியாது, நான் இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.

"சொல்லுப்பா, யாரு போய்ச் சேரணும்னு சொன்ன?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. "வைங்கம்மா, போன வைங்க."

கிழவி அம்மாவாகிவிட்டேன் பாருங்கள். "நீதான கூப்பிட்ட, நீ வை" என்றேன்.

"கட் ஆக மாட்டேங்குதும்மா."

அப்படியா என்று சொல்லி மூன்றாவது பிடியும் போட்டேன். மறைக்கப் போவதில்லை, எனக்கு நன்றாக இருந்தது. அவன் இருமுவதைக் கேட்கக் கேட்க, பல நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்தப் பக்கம் நாற்காலி விழுகிற சத்தம், தண்ணி கொண்டாடா என்று யாரோ ஓடுகிற சத்தம். முறத்தில் இன்னும் நிறைய இருந்தது. நான் மறுபடியும் அதில் கையை விட்டேன்.

யாழினி எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள். "போதும் அப்பாயி, அவன் செத்துருவான்."

"சாகட்டும்."

"வேணாம். யாரும் சாக வேணாம் அப்பாயி."

சொல்லிவிட்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அழுததே இல்லை, அன்றைக்குத்தான் வாய் விட்டு அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். போன் எப்போது அடங்கியது என்று கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டு மாமி படி ஏறி வந்தாள். நான் தாளிக்க இரண்டு மிளகாய் போட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வருகிறவள். "என்ன, இன்னிக்கு உங்காத்துல சமையலே இல்லையா? ஒரு வாசனையும் காணுமே" என்றாள். பிறகு சட்டி நிறையக் கரியாகிக் கிடந்த மிளகாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இறங்கிப் போனாள். அதற்கப்புறம் என்னைச் சேவிக்கக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

யாழினியைத் தேற்றியது மிளகாய் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டர் பெண்ணும் கவுன்சிலர் மேடமும் மாத்திரையும், ஓசூரிலிருந்து ஓடிவந்து அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த அவள் அப்பனும்தான் தேற்றினார்கள். போலீசைக் கேட்டுக்கொண்டு, நியாயமாகக் கட்ட வேண்டியதை மட்டும் மகன்கள் பகிர்ந்து கட்டினார்கள். ஒரு வருஷம் பிந்தினாலும் படிப்பை முடிக்கப் போகிறாள்.

வெற்றிச்செல்வனிடம் மிளகாய் விஷயத்தைச் சொன்னேன். அப்பனைப் போலவே பேசினான். "அவனுக்கு ஆஸ்துமா இருக்கும்மா. உங்க மிளகா பழசு, அதான் நெடி இல்ல." இருக்கலாம் என்றேன். மறுநாள் காலையில் அதே முறத்திலிருந்து இரண்டே இரண்டு எடுத்து எண்ணெயில் போட்டேன். இருமிக்கொண்டே ஆபீசுக்குப் போனான்.

இனிச் சொல்லப்போவதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் ஒரு பட்டன் போன் உண்டு. போன ஆடி மாதம் அதில் புது சிம் போட்டார்கள், நம்பர் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. ஒரு மத்தியானம் அதில் ஒரு பொம்பளை கூப்பிட்டாள். வயசான குரல், மரியாதையான குரல்.

"அம்மா, அடுப்ப அணைச்சிட்டீங்களா?" என்றாள்.

"யாரும்மா நீங்க?"

"இல்லம்மா, பையன் கேக்கச் சொன்னான். இன்னும் நெடி அடிக்குதாம். தூங்க முடியலங்கிறான்."

பின்னால் இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியும்.

"அன்னிக்கே அணைச்சாச்சு" என்றேன்.

"இன்னொரு தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்களேம்மா" என்றாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது, சிலிண்டரும் மூடியிருந்தது. வந்து சொன்னேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

அவ்வப்போது கூப்பிடுகிறாள், எப்போதும் மத்தியானம், எப்போதும் அதே கேள்வி. திட்டுவதில்லை, அழுவதில்லை. அடுப்பு எப்போதும் அணைந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன், எதையும் நம்பாத நான். அணைந்து கிடக்கிற அடுப்பை எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அணைப்பாயா என்று கேட்காதீர்கள்.

எழுதுகிற பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். என்னடி பார்க்கிறாய் யாழினி, இதையும் எழுது. எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு. நான் அவனுக்குப் பாவம் பார்த்த மாதிரி எங்கேயாவது நீயாகச் சேர்த்திருந்தால், அதை அடித்துவிட்டு வாசி.