மைக் பிடிக்கிற மலையாண்டி கடைவாய்ப்பல் எடுத்த கதை

என் தங்கச்சி மகன் மலையாண்டியை இலுப்பூர்ப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. மற்ற நாளில் டிராக்டர் ஓட்டுவான். தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு மேடையில் மைக் அவன் கையில்தான். எந்த ஊர்க் காளை, யார் வீட்டுக் காளை, பரிசு அண்டாவா கட்டிலா, எல்லாம் அவன் வாயால்தான் ஊருக்குத் தெரியும். கையில் மைக் இருப்பதையே மறந்துவிட்டுக் கத்துவான். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

இந்த வருஷம் ஜல்லிக்கட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது கன்னம் வீங்கிவிட்டது. போன ஆடியிலேயே வலித்த பல்தான். கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தான். அவன் பெண்டாட்டி சொர்ணவல்லி இந்தத் தடவை விடவில்லை. புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

பல் டாக்டர் இளமதி சின்னப் பிள்ளை. படம் எடுத்துக் காட்டியது. கடைசிப் பல் நிமிர்ந்து வராமல் ஈறுக்குள்ளே குறுக்காகப் படுத்துக் கிடந்தது. ஐந்து நாள் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வற்றவைத்து, அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி, பல்லை இரண்டாக உடைத்து எடுத்தது. மூன்று தையல்.

"வலிச்சுச்சாண்ணே?" என்று கேட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு இல்லையென்று தலையை ஆட்டினான். அவன் வாய் மூடி இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பஞ்ச ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. இன்னைக்கு எச்சி துப்பக் கூடாது, வாய் கொப்புளிக்கக் கூடாது, சூடா எதுவும் வேணாம். நாளையிலேர்ந்து வெதுவெதுப்பா உப்புத்தண்ணி. பீடியெல்லாம் மறந்துருங்க."

"அஞ்சாம் நாளு மைக் புடிக்கணும் டாக்டரம்மா," என்றாள் சொர்ணவல்லி.

"பேசலாம், கத்தக் கூடாது. வாய் ரெண்டு வெரல் அளவுக்குத்தான் தொறக்கும்."

உடம்பில் கத்தி பட்டால் நாட்டுக்கோழி அடித்து மிளகுச்சாறு வைப்பது எங்கள் வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் அதுதான். சாயங்காலம் கொதிக்கக் கொதிக்க ஒரு சொம்பு கொடுத்தேன். குடித்தான். கொஞ்ச நேரத்தில் வாயில் ரத்தம். அதைத் துப்பினான், இன்னும் வந்தது. சொர்ணவல்லி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"பதறாதீங்க. குடுத்த பஞ்ச நனைச்சுப் புழிஞ்சு அந்த எடத்துல வச்சு, அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டு நிமிந்து ஒக்காரச் சொல்லுங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. அதுக்கும் நிக்கலன்னா ஒடனே கூட்டிட்டு வாங்க. ஆமா, சூடா என்ன குடிச்சாரு?"

சொர்ணவல்லி என்னைப் பார்த்தாள். நான் கோழிக்கூண்டைப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். ஆனால் சாறு கெட்டதென்று ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாம் நாள் ஆறவைத்துக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

அதே மூன்றாம் நாள் கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது. சொர்ணவல்லியின் அண்ணன் ராமு வந்தான். பத்து வருஷமாக அந்த மைக் மேல் கண் வைத்திருப்பவன்.

"என்ன மாப்ளே, ஒரு பக்கம் மட்டும் சதை போட்ருக்கீக? கமிட்டில என்னையப் பேசச் சொல்லிட்டாக."

"நாவ் வருவேவ் மச்சாவ்," என்றான் மலையாண்டி.

"இந்தா, இதையே மைக்ல சொல்லு. மாடெல்லாம் சிரிச்சுக்கிட்டே படுத்துரும்."

ராமு போனபிறகு மலையாண்டி சாப்பிடவில்லை. ஒரு தடவை மைக் கைமாறினால் திரும்பி வராது என்று அவனுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் வீக்கம் பாதி வடிந்திருந்தது. ராமு வருவதற்கு முன்னாலேயே மேடை ஏறி மைக்கைக் கையில் எடுத்துவிட்டான். ராமு வந்து பக்கத்திலேயே நின்றான். முதல் காளை வாடிவாசலில் நிற்கிறது. மலையாண்டி மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, மெல்லப் பேசினான். "கேக்கலையே!" என்று கூட்டம் கத்தியது. அவன் பதிலுக்குக் கத்தவில்லை. கூட்டம்தான் அடங்கியது.

"இலுப்பூர் அழகம்மாள் வீட்டுக் காளை வருது. தொடுறவன் யோசிச்சுத் தொடு தம்பி. எனக்கு வாய்க்குள்ள மூணு தையல். ஒனக்கு எங்கிட்டுப் போடுவாங்கன்னு சொல்ல முடியாது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் காளையே திரும்பிப் பார்த்தது. ஒருவரும் தொடவில்லை, கட்டில் அழகம்மாளுக்கு. வழக்கமாக அவன் கத்துகிற கத்தலில் மாடு ஜெயித்ததா பிடிபட்டதா என்று கீழே சண்டை நடக்கும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் கடைசி வேலி வரைக்கும் போனது.

நடுப்பகலில் கன்னத்தைப் பிடித்தான். பிறகு அவனாகவே மைக்கை நீட்டினான்.

"பல்லு குத்துது மச்சான். ஒரு மணி நேரம் நீங்க பாருங்க. மாத்திரை போட்டுட்டு வாரேன்."

ராமு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி, அடுத்த காளையின் பெயரைக் கத்தினான்.

"ஏ ராமு!" என்று கூட்டத்திலிருந்து நாலு பேர் எழுந்தார்கள். "காது போகுதுய்யா! மலையாண்டி மாதிரி மெதுவாச் சொல்லு!"