கட்டாமல் விட்ட சீட்டுக் காசு

டிக்கெட் விலை குறைவாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வந்த பக்கங்கள்தான் மூச்சு வாங்க வைத்தன. பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, பணம் கட்டுகிற வசதிக்கே ஒரு கட்டணம். கடைசியில் விமானத்தின் வயிற்றைத் திறந்து காட்டுவதுபோல இருக்கைகளின் படம். மஞ்சளுக்கு ஒரு விலை, நீலத்துக்கு ஒரு விலை. அலுப்பில், கொஞ்சம் வீம்பிலும், ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டேன். டிக்கெட் எடுத்தவளுக்கு உட்கார இடம் தராமலா போவார்கள்? கண்டக்டர் மகளுக்கு அப்படித்தான் தோன்றும்.

அப்பா பெங்களூர் மாநகரப் பேருந்தில் முப்பது வருடம் கண்டக்டர். இரண்டு வருடமாக நினைவு தப்பித் தப்பி வருகிறது. மதுரையில் அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, படுக்கையில் கிடந்து அண்ணனைக் கண்ணில் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரயிலில் கூட்டிப் போக எனக்குத் தைரியமில்லை. நான் கண்ணயரும் நேரம் பார்த்து எழுந்து கதவைத் தேடிப் போவார். அதனால்தான் விமானம். ஒன்றேகால் மணி நேரம். கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்.

கவுன்ட்டரில் அப்பாவுக்கு நான்காம் வரிசை வந்தது. எனக்கு இருபத்தெட்டு.

“சேர்த்துப் போட முடியாதாம்மா? அவருக்கு ஞாபகம் நிக்காது.”

“நீங்க சீட் செலக்ட் பண்ணலயே மேடம். இப்ப காசு கட்டுனாலும் பக்கத்துப் பக்கத்துல இல்ல. உள்ள போய் யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க.”

உள்ளே போய்க் கேட்டேன். நான்காம் வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண், நடைபாதையோரம் ஒரு பெண். நடு இருக்கை அப்பாவுடையது. ஜன்னல்காரி காதிலிருந்து எதையும் கழற்றாமலே தலையாட்டி மறுத்தாள். ஓரத்துக்காரி, “எக்ஸ்ட்ரா குடுத்து எடுத்த சீட்டுங்க. எறங்குனதும் நான் ஓடணும்” என்றாள்.

இதற்குள் அப்பா விறைத்து நின்றுவிட்டார்.

“இது லேடீஸ் சீட்டு.”

“இங்க அப்படியெல்லாம் இல்லப்பா. உக்காருங்க.”

“எனக்கே ரூல் சொல்றியா நீ? முன்பக்கம் பூரா லேடீஸ்.”

பின்னால் வரிசை நெருக்கியது. ‘பேக, பேக’ என்று யாரோ கன்னடத்தில் அவசரப்படுத்தினார்கள். பெட்டியின் மூலை என் முழங்காலில் இடித்தது. தோளைத் தொட்டு உட்கார வைக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். அந்தக் கண்களை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வார்த்தை கூடினால் கத்துவார், கத்தினால் அடங்க வெகு நேரமாகும்.

பணிப்பெண் குரலைத் தாழ்த்தி என் காதருகே சொன்னாள். “சார் உக்காந்தாத்தான் கதவு சாத்துவாங்க மேடம். இல்லன்னா ரெண்டு பேரையும் எறக்க வேண்டியதாயிடும்.”

“முடியாதவங்கள கூட்டிட்டு வர்றவங்க மொதல்லயே சீட்டு எடுக்க வேணாமா?” ஓரத்துக்காரி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

சுரீரென்றது. படுக்கையில் காத்திருக்கும் அத்தையை நான் ஒரு மஞ்சள் கட்டத்துக்கு விற்றுவிட்டேனா?

அப்போது அப்பாவின் இடது கை மெல்ல இறுகியது, தோல் பை இன்னும் கக்கத்தில் இருப்பதுபோல. “நீ உக்காரும்மா. பின்னாடி நான் பாத்துக்கறேன்” என்றவர் நடக்க ஆரம்பித்தார். பதறிப்போய் இரண்டு வரிசை பின்தொடர்ந்தேன். திரும்பி நின்று கையை நீட்டினார்.

“முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி! முன்னாடி சீட்டு காலியா கெடக்கு, லேடீஸ் எதுக்குப் பின்னாடி வர்றீங்க?”

பாதி விமானம் சிரித்தது. முன்னால் போங்கள் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன அதே குரல். என்னால் சிரிக்க முடியவில்லை. பணிப்பெண் அவரை என் இடத்துக்குக் கூட்டிப் போனாள். நான் அவர் இடத்தில், காசு கட்டிய இரண்டு பேருக்கு நடுவில், முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கதவு சாத்தினார்கள். பெல்ட் போடச் சொன்னார்கள். இருபத்து நான்கு வரிசை எங்களுக்கு நடுவே. எழுந்துவிடுவாரோ, நிறுத்தம் வந்துவிட்டதென்று கதவைத் தட்டுவாரோ. ஒவ்வொரு இருமலுக்கும் என் கழுத்து திரும்பியது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“ரைட்... ரைட்!”

விமானம் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. யாரோ கை தட்டினார்கள். பள்ளிக்கூடம் போகும்போது அப்பாவின் பேருந்தில் முன்னால் ஏறி நிற்பேன். திரும்பிப் பார்த்ததே இல்லை, பின்னாலிருந்து குரல் கேட்டால் போதும். அன்றைக்கு அது போதவில்லை. மேகத்துக்கு மேலே நான் செவியாக மட்டுமே இருந்தேன்.

மதுரையில் எல்லோரும் இறங்கும்வரை நான்காம் வரிசையிலேயே நின்றேன். அப்பா கடைசியாக வந்தார், ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தபடி. கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.

“யாரோ உட்டுட்டுப் போயிட்டாங்க. டிப்போல குடுத்துடு” என்று பணிப்பெண்ணிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை அத்தை அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் யாரென்று அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் விரல்களை உருவிக்கொள்ளவில்லை.

நான்கு நாள் கழித்து, அத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து திரும்புவதற்கு டிக்கெட் போட்டேன். மறுபடி அந்தப் படம், மஞ்சளும் நீலமுமாக. இந்த முறை தட்டிவிடவில்லை. நான்காம் வரிசையில் எனக்கு ஒன்று, கடைசி வரிசையில் அப்பாவுக்கு ஒன்று. உடன் வருபவர் உங்கள் அருகில் இல்லை, தொடரலாமா என்று திரை கேட்டது.

தொடரலாம் என்று தட்டி, இரண்டுக்கும் பணம் கட்டினேன்.