ஹௌது வாங்கிய பிறகே மறுக்கலாம்

நான் தத்துவம் கற்பிக்கிறேன் என்றால் எங்கள் உறவுக்காரர்களில் பாதிப் பேருக்கு அது சைக்காலஜி. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "எம் பையன் யார்கூடவும் பேசறதே இல்ல, நீங்க கொஞ்சம் பாக்க முடியுமா?" என்பார். மீதிப் பேருக்கு அது ஆன்மிகம். பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. அரசு வேலை, பிறகு வங்கி, பிறகு கம்ப்யூட்டர் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வரிசையிலிருந்து நான் மட்டும் ஏன் விலகினேன் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். தத்துவக்காரர்களின் பழைய வழக்கம் அது, பூர்வபட்சம் என்பார்கள். ஒருவரை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் தரப்பை அவரைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. வகுப்பில் தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாம் கலந்து ஓடும். ஆனால் அந்த ஒப்புதலுக்கு மட்டும் கன்னடத்து "ஹௌது" எப்படியோ நிலைத்துவிட்டது. முதல் மாதம் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தைக் கண்டாலே ஆகாது. அடுத்தவன் சொன்னதைச் சொல்லப் போய்ச் சண்டை போடும் ஆசையே போய்விடுகிறது என்று புகார் சொல்வார்கள். அது ஏன் போகிறது என்று எனக்கும் விளங்கியதில்லை.

ஸ்ரீராம்புரத்திலிருந்து வரும் ஒரு மாணவி, முதல் வருடம் முடிகிற சமயத்தில், தன் அப்பாவுடன் எங்கள் துறை அறைக்கு வந்தாள். அவர் வைட்ஃபீல்டில் ஓர் ஆபீஸுக்கு வேன் ஓட்டுகிறவர். ஒரு வருஷம் போனால் போகிறது, டி.சி. வாங்கிக்கொண்டு மகளை வேறு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்க்கப்போகிறேன் என்றார். அவளுக்குப் போக விருப்பமில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. மற்றவர்கள் அலுத்துப்போய் விட்ட கேள்வியையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பெண் அவள். அவள் போய்விட்டால் என் வகுப்பு எனக்கே சப்பென்று ஆகிவிடும் என்று பயந்தேன்.

"இதப் படிச்சா இன்னா வேல கெடைக்கும், மேடம்? ஸ்கோப் இல்லன்றாங்க" என்றார் அவர்.

நான் ஆரம்பித்துவிட்டேன். கல்வி என்ன வேலைக்கு மட்டுமா, யோசிக்கத் தெரிந்தவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள், இன்னும் என்னென்னவோ. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே செல்போனில் மணி பார்த்தார்.

"மேம்," என்றாள் அவள். "அப்பாவோட பக்கத்த நீங்க இன்னும் சொல்லவே இல்ல. ஹௌது வாங்காம மறுக்கறீங்க."

பக்கத்து மேசையிலிருந்த வரலாற்று ஆசிரியர் சிரிப்பை அடக்க அவசரமாக டீயைக் குடித்தார். வேறென்ன செய்வது, "சரி, நீயே சொல்லு" என்றேன்.

அவள் வகுப்பில் எழுந்து சொல்வதுபோலவே சொன்னாள். "அப்பாவுக்கு இந்தப் படிப்பு மேல கோபம் ஒண்ணும் இல்ல. அவருக்கு முதுகு வலி. இன்னும் எத்தன வருஷம் வண்டி ஓட்ட முடியும்னு அவருக்கே தெரியாது. அவர் உக்கார்றதுக்குள்ள நான் சொந்தக் கால்ல நிக்கணும். நாளைக்கு யார் வீட்லயும் நான் கையேந்தக் கூடாது. அந்த பயத்த பயம்னு சொல்ல முடியாம ஸ்கோப் இல்லன்னு சொல்றாரு." பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். "ஹௌதாப்பா?"

அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். "ஹௌது" என்றார்.

இனி அவள் மறுக்கலாம். ஆனால் மறுப்பு வரவில்லை. அப்பாவின் பயத்தைத் தன் வாயாலேயே சொன்னதும் அவளால் அதற்கு எதிராக ஒரு வார்த்தை எடுக்க முடியவில்லை. என் சட்டமே இவளை இங்கிருந்து அனுப்பிவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

"இன்னாம்மா நிறுத்திட்ட?" என்றார் அவர். "உன் பக்கத்த யாரு சொல்றது? இரு, நான் சொல்றேன். வேலைக்குப் போவ சோம்பேறித்தனம், அதான?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"உங்க மேடம் மாதிரி ஆவணும்?"

"இல்லப்பா." எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப ஃபிரெண்ட்ஸுங்கள உட்டுட்டுப் போவ மனசில்ல."

"அதுவும் இல்ல."

அவர் தலையைச் சொறிந்தார். வந்தபோது இருந்த அவசரம் முகத்தில் இல்லை. செல்போன் அடித்தது, ஷிஃப்டுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று என்னைப் பார்த்தார்.

"டி.சி. இப்ப வேணாம், மேடம். இவ இன்னா நெனைக்கிறான்னு நான் கரெக்டா சொல்ற வரைக்கும் இங்கியே படிக்கட்டும். சொல்லிட்டா அப்பறம் நான் மறுக்கலாம். அதான சட்டம்?"

அதுதான் சட்டம் என்றேன்.

இப்போது அவள் கடைசி வருடம். சாயங்காலத்தில் ஒரு டியூஷன் சென்டரில் பாடமும் எடுக்கிறாள். அவ்வப்போது நான், "அப்பா சொல்லிட்டாரா?" என்று கேட்பேன். "இன்னும் இல்ல, மேம்" என்பாள். வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் வேனை நிறுத்திக்கொண்டு அவர் புதுசு புதுசாக யோசிப்பதாக நானும் நினைத்துக்கொள்வேன். போன வாரம் மறுபடி கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டாவது வருஷமே சொல்லிட்டாரு, மேம். 'உனக்கு இன்னா வேணும்னு உனக்கே தெரியல, அதத் தெரிஞ்சுக்கத்தான் அங்க போற'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லப்பா, வேற யோசிங்கன்னேன்."