நீல அறையின் காவல்காரி

வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பேர். சூடு பட்டால் பொரிந்துவிடுவாள் என்று அண்ணன் வைத்தது. கட்டிக்கொண்டவரும் அதையே பிடித்துக்கொண்டார். துணிக்கடை, ஆஸ்பத்திரி வரவேற்பு என்று எங்கேயும் அவளை அவள் வாய் வேலையில் தங்கவிட்டதில்லை. கலைக்கூடத்தில் அறைக்காவல் வேலை கிடைத்தபோது, "அங்க பேசவே கூடாதாமே, உனக்குச் சரியான தண்டனைதான்" என்று அவர் சிரித்தார்.

அவளுக்குக் கிடைத்தது நீல அறை. சன்னல் இல்லாத கூடம். எதிர்ப்பக்கம் முழுக்க ஒரே நீலம், இப்போதுதான் பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி. ஆனால் அங்கே சுவரே கிடையாது. சுவரை வெட்டியெடுத்து, பின்னால் இன்னொரு அறை கட்டி, மறைவாக விளக்குகள் வைத்து அதை வெளிச்சத்தால் நிரப்பியிருந்தார் கலைஞர். அந்த அறையின் தரை முழங்கால் ஆழம் கீழே இருந்தது. பார்க்கிறவர் கண் தானே ஏமாந்து தானே தெளியணும், அதுதான் படைப்பாம். யாராவது கேட்டால் "நீங்களே பாருங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

நாள் முழுக்க நீலத்தையே பார்த்த கண்ணோடு சாயங்காலம் வெளியே வந்தால் வெள்ளைச் சட்டையெல்லாம் அவளுக்கு மஞ்சளாகத் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒரு தடுப்புக் கம்பி வையுங்கள் என்று மானேஜரிடம் கேட்டதற்கு, அழகு கெட்டுவிடும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் வயதான தையல்காரம்மா ஒருவர் வந்தார். நின்று நின்று கால் வலித்திருக்கும் போல.

"ஏம்மா, அது சுவர்தானே? கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?"

விருந்தினர்களோடு மானேஜர் வாசலில் நின்றிருந்தார். சுவர் இல்லை என்ற பேச்சு கடுகுக்குத் தொண்டை வரை வந்தது. "நீங்களே பாருங்கம்மா" என்றாள். அந்த அம்மா கையை ஊன்றினார்; ஊன்ற அங்கே ஒன்றும் இல்லை. கடுகு ஓடிப் பிடிப்பதற்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது.

காவலரின் கவனக்குறைவு என்று மேலே சொல்லிவிட்டார் மானேஜர். கடுகு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலோரம் நின்றாள். அந்த அம்மா திட்டவில்லை.

"நான் கேட்டேனேம்மா. நீ சொல்லலியே."

வீடு திரும்பி நடந்ததைச் சொன்னாள். வேலையை விட்டுடாதே என்று மட்டும் சொன்ன கணவர் மேலும் ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த வாரம் கலைஞரே வந்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். விழுகிற நொடிவரை அந்த அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டார் அவர். முகத்தில் அப்படியொரு திருப்தி.

கடுகு நேராகப் போய், அறை கூட்டுகிறவர்கள் போடும் வெள்ளை விளக்கைப் போட்டாள். நீலம் செத்துப்போனது. சுவரில் ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் பள்ளம், அதன் மூலையில் தூசி. உள்ளே இருந்தவர்கள் திகைத்துப் பின்வாங்கினார்கள்.

"அவங்க வாயைத் திறந்து எங்கிட்ட கேட்டாங்க. நீங்க சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னேன். இப்ப அந்தக் கையால ஊசி பிடிக்க முடியல. கம்பி வைக்கிறவரைக்கும் இந்த லைட்டை அணைக்க விடமாட்டேன்" என்று சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

மானேஜர் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். வேலை போகும் என்றார். போகட்டும் என்றாள். பொழுது சாய்வதற்குள் இடுப்பளவு கம்பி ஒன்று வந்து சேர்ந்தது. வேலை போகவில்லை, வருகிறவர்களின் பைகளை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தாள். கம்பியைக் காணோம். கிட்டப் போய்த் தடவினாள், இருந்தது. அதே நீலத்தில் பெயிண்ட் அடித்து வெளிச்சத்துக்குள் கரைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் அந்தக் கம்பியில் வயிற்றை இடித்துக்கொண்டு, அசடு வழியச் சிரித்தார்.

கடுகு சிரிக்கவில்லை. பை வைக்கும் இடத்துக்குத் திரும்பாமல் நேராக மானேஜர் அறைக்கு நடந்தாள்.