ஒரு மணிக்கு யாரும் வருவதில்லை

முழங்காலாலேயே நடந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து விடுகிறார். எழுந்து நின்றால் நிழல் ஆடுமாம், அரைத்தூக்கத்தில் இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்களாம். இருபத்திரண்டு விரிப்புகளுக்கு நடுவே அப்படியே நகர்ந்து, ஒவ்வொரு முதுகிலும் மூன்று தட்டு. யார் எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறிப்பு. அந்த மழலையர் பள்ளியில் இவருக்குப் பெயர் ‘முட்டி டீச்சர்’. இவரே தொலைபேசியில், “முட்டி டீச்சர் பேசறேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

மூன்று வயதுக்காரர்களை ‘வாங்க, போங்க’ என்பார். கல்வி அலுவலகத்துப் படியேறிவிட்டாலோ மரியாதை ஒரு மாற்றுக் குறையும். “சார், போன கீழ வைங்க. நான் பேசி முடிச்சதும் தரேன்.” என் கண்ணாலேயே பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது அதிகாரி, பதறிப்போய் வைத்துவிட்டார்!

இவர் சட்டம் பேசப் பிறந்தவரல்ல. பதினெட்டு வருடம் ஒரு சுற்றறிக்கையைக்கூடப் படித்ததில்லை. “பின்பக்கம் வெள்ளையா இருக்கும்ல? பிள்ளைங்க படம் வரைய நல்லா இருக்கும்.”

போன வருடம் வந்த கொள்கை வரைவும் அப்படித்தான் வரைதாளாகப் போயிருக்கும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மதிய உறக்கம் ரத்து, அந்த ஒரு மணி நேரத்தில் எழுத்துப் பயிற்சி என்றது அது. சோதனை முயற்சியாக இவர் பள்ளியிலேயே தொடங்கினார்கள். இவரும் மறுபேச்சில்லாமல் விரிப்புகளைச் சுருட்டி வைத்துவிட்டு பென்சில்களைக் கொடுத்தார்.

வகுப்பில் ‘கொட்டாவி’ என்று ஒரு பெண் குழந்தை. அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை ஷிப்ட். நாலரை மணிக்கே குழந்தையையும் எழுப்பித் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர். இரண்டாவது வாரம், எழுதிக்கொண்டிருந்த கொட்டாவி தூங்கி விழுந்தாள். பென்சில் முனை கன்னத்தில் இறங்கியது. கண்ணுக்கு அரை விரற்கடை கீழே.

அம்மா கையில் மாவு காயாமலே ஓடி வந்தார். கத்தவில்லை. “தூக்கம் வந்தா தூங்க வைப்பீங்கன்னுதானே டீச்சர் உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்?”

“அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்” என்கிறார் முட்டி டீச்சர். அன்று மாலைதான் வரைவை முழுதாகப் படித்தார். கணவர் லாரி ஓட்டுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கே இத்தனை மணி நேரம் ஓட்டினா ஓய்வு எடுக்கணும்னு சட்டம் இருக்கு. இதுங்களுக்கு இல்லையா? லாரியா பொறந்திருக்கலாம்!” என்றாராம். மறுநாள் ஒரு மணிக்கு விரிப்புகள் மறுபடி விரிந்தன.

வரைவில் ஒரு வரி இவரை உறுத்தியது. ‘ஆய்வு செய்த பள்ளிகள் எதிலும் மதிய உறக்கம் நடைமுறையில் இல்லை.’ எந்த ஆய்வு? அலுவலகத்து பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்து, ஆய்வுப் படிவங்களை வாங்கிப் புரட்டினார். முந்நூற்றுப் பதினோரு படிவங்கள். ‘மதிய உறக்கம்’ என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்பதற்கு ஒரு சின்னக் கோடு. காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? ஆய்வாளர்கள் பத்து மணிக்கு வருவார்கள். பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். குழந்தைகள் தூங்குவது ஒரு மணிக்கு!

“திரும்பி வந்து பாக்கலாமே சார்?”

“மதியத்துக்கு மேல பள்ளிக்கூடமே அமைதியாயிடும்மா. பாக்க ஒண்ணும் இருக்காது.”

இதைச் சொன்னவர் தலைமை ஆய்வாளர். இவர்கள் பார்க்காவிட்டால் அது உலகத்திலேயே இல்லை, அவ்வளவுதான்.

சென்ற புதன்கிழமை கடைசிக் கருத்துக் கேட்புக் கூட்டம். குழுவினர் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால் அன்றோடு வரைவு முடிவாகிவிடும். கடைசி வரிசையில் நான் இருந்தேன். மேடையில் ஐந்து பேர் குழு. நடுவில் தலைவர், வரைவை எழுதிய நிபுணர். ‘சிறு வயதிலேயே விழிப்புணர்வு’ என்று அரை மணி நேரம் முழங்கி முடித்திருந்தார். முட்டி டீச்சருக்கு ஐந்து நிமிடம். கொட்டாவியின் கன்னத்தைப் பற்றிச் சொன்னார். நிரப்பாத ஒரு படிவத்தை உயர்த்திக் காட்டி, அந்தக் கோடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது தலைவரின் முகவாய் மெல்ல இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்திருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்துகொண்டது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சட்டென்று திரும்பி உதட்டில் விரல் வைத்தார். இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டோம். மீதிப் பேச்சை வகுப்பறைக் குரலில், கிசுகிசுப்பாகவே சொல்லி முடித்தார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

குழுவில் இருந்த ஒரே பெண்மணி தானும் குரலைத் தாழ்த்தினார். “நான் ஒரு மணிக்கு வந்தா பாக்கலாமா, டீச்சர்?”

“வாங்க. செருப்ப வெளிய விட்டுட்டு, முட்டி போட்டு வாங்க.”

அந்த அம்மாள் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம், “நேர்ல பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார், அதே கிசுகிசுப்பில்.

டீச்சர் மேடையேறி, கையிலிருந்த படிவத்தை மேசை விளிம்பில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதிய உறக்கம் என்ற கட்டத்தில் ‘1.43’ என்று குறித்து, தலைவரின் முழங்கை அசையாமல் அதன் அடியில் மெதுவாகச் செருகினார்.