எட்டில் முடிந்த தொடர் எண்

அன்று காலை மயிலிட்டி மீன்வாடியில் இருந்தது மூன்று பேர்: வாடி முதலாளி, மீனை நிறுத்துப் பதியும் அக்கா, நான். ஐஸ் பெட்டிக்கு மேல் ஒரு பூனையும் படுத்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சுவேலியில் ஒரு கணினிக் கடைக்கு வயர் இழுக்கப் போய், பார்த்துப் பழகியதுதான் என் தொழில். தனியாக ஏற்ற முதல் வேலை இது. வரும் வழியில் இரண்டு தரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சாமானெல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தன. வாடி வாசலில் மூன்றாம் தரமும் பார்த்தேன்.

வாடிக் கணினிகள் ஒன்றையொன்று நீண்ட எண்களால் தேடிக்கொண்டிருந்தன. பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டிக் கொடுக்கும் டிஎன்எஸ் சேவையை அலுவலகச் சேர்வரில் நிறுவ வேண்டும். அது படுத்தாலும் பதில் சொல்ல, ஐஸ் அறைப் பக்கத்துச் சேர்வரில் ஒரு நகல். எடை மேசை விசாரிப்பது அந்த நகலிடம்.

"பத்து மணிக்கு வள்ளங்கள் வந்திடும்," என்றார் முதலாளி. "அதுக்குள்ளை சரிவரேல்லையெண்டால் பழையபடி கொப்பியிலை எழுதுவம். உந்தப் பெட்டியளை நீர் கொண்டு போம்."

பெயர்களை எழுதும் கோப்பின் தலையில் ஒரு தொடர் எண் உண்டு: அன்றைய திகதி, பிறகு அது எத்தனையாவது திருத்தம் என்பது. பயத்தில் தொட்டதையே தொட்டுத் திருத்தி எட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு சனியின் எண். நினைத்தது போலவே அந்தத் திருத்தத்தில்தான் கணக்குக் கணினியின் எண்ணைப் பிழையாக அடித்திருந்தேன். பிழையைச் சரியாக்கி, தொடர் எண்ணையும் ஐந்தில் முடித்தேன். ஐந்து எனக்கு ராசி.

அலுவலகத்தில் கணக்கு உடனே திறந்தது. எடை மேசையில் திறக்கவில்லை. கேபிளைக் கழற்றிப் பூட்டினேன். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். துறையில் முதல் வள்ளத்தின் இயந்திரச் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி, வாய்க்குள்ளை எண்ணுறீர்?" என்றார் அக்கா.

வெட்கத்தோடு எட்டின் கதையைச் சொன்னேன்.

"எங்கடை வள்ளத்தின்ரை நம்பரும் எட்டிலைதான் முடியுது. அதுக்கு விளைமீன் படுகுது, உம்மடை பெட்டிக்கு மட்டும் சனியோ?" அவர் சிரித்துவிட்டு, நிறுவைத் துண்டுப் புத்தகத்தைத் தட்டினார். "அது கிடக்க, எட்டிலையிருந்து ஐஞ்சுக்கு ஏன் இறங்கினீர்? இதிலை நம்பர் பின்னுக்குப் போனால், பழைய துண்டெண்டு முதலாளி கையாலும் தொடமாட்டார்."

எனக்குத் தலையில் விளக்குப் பற்றியது. நகல் வைத்திருந்தது எட்டு. நான் நீட்டியது ஐந்து. பழையது என்று அது திரும்பியும் பார்க்கவில்லை. பிழையான எட்டையே பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்பது என்று மாற்றி எழுதினேன். எடை மேசையில் திரை திறந்தபோது முதல் பெட்டி விளைமீன் தராசில் ஏறியது. பதினாலு கிலோ. அக்கா பதிந்தார். நான் தேவையில்லாமல் இரண்டு தரம் கைதட்டினேன். பூனை எழுந்து போய்விட்டது.

முதலாளி ஒரு விளைமீனைப் பையில் போட்டு, பாதிக் காசோடு தந்தார். "மிச்சம் எட்டாயிரம். பயமெண்டால் ஐயாயிரமாக்கட்டோ?"

"வேண்டாம் அண்ணை, எட்டே இருக்கட்டும்."

பிறகு பக்கத்து வாடிக்காரரும் என்னைக் கூப்பிட்டார். அங்கே போகும்போதெல்லாம் முதலாளி கையசைத்து, "எட்டு, வாரும், தேத்தண்ணி குடிப்பம்," என்பார். தேநீர் வரும். எனக்கு வரவேண்டியது இன்றைக்கும் எட்டாயிரம் ரூபாய்.