வேட்டியில் மஞ்சள் புள்ளிகள்

வத்தல்மலையில் பனிமூட்டம் விலகி இன்றுதான் வெயில் வருகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் சரோஜாக்கா, தோட்டத்துத் தேனீப் பெட்டியில் காதை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

"சத்தமே இல்லீங்க. குளிர்ல செத்துப்போச்சோ என்னமோ."

இண்டூர்க் கல்யாணத்துக்காக நான் துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டி பக்கத்துக் கொடியில் காய்கிறது.

வெயில் பெட்டிமேல் ஏறியதும் வாசலில் ஒரு தேனீ தலைநீட்டுகிறது. பின்னாலேயே ஒரு கூட்டம் கிளம்பி, கொடிக்கு மேலே வட்டமடிக்கிறது. வேட்டியில் மஞ்சள் புள்ளிகள் விழுகின்றன.

"மகரந்தமாக்கா?"

"பீங்க! பனியில வெளிய வராம இத்தினி நாளா அடக்கி வெச்சிருந்துதுங்க."

நான் பதறிக்கொண்டு வேட்டியை உருவப் போகிறேன். அதற்குள் அக்கா அதைப் பறித்து, வேலிக்கு அந்தப்புறம் நிற்கும் புருஷனிடம் விரித்துக் காட்டுகிறார்.

"இங்க பாருங்க, அத்தனையும் உசிரோட இருக்குது!"